யாரிடம் போய்க் கேட்பது?

இதை எழுதுவதா, விடுவதா என்று நெடுநாள் யோசித்தேன். எழுதுவதற்கு முன் தங்கச்சியிடமும் மச்சானிடமும் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க ராத்தா. எங்களப் போல இன்னும் எத்தன பேர் இருப்பாங்க" என்றாள் தங்கச்சி. ஆகவே ஊரும் பெயரும் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வாசகச் சகோதரிகளுள் ஒருவருக்காவது இது வழிகாட்டினால் போதும்.

நாங்கள் கிழக்கிலங்கையைச் சேர்ந்தவர்கள். வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை, அதாவது எங்கள் மாமியின் மூத்த மகனுக்கே தங்கச்சியை நிக்காஹ் செய்து கொடுத்தோம். சொந்தத்துக்குள் முடிப்பது எங்கள் பகுதியில் புதுமையல்ல. 2011இல் அவர்களுக்கு மூத்த பிள்ளை கிடைத்தது. ஆண் குழந்தை. அழகான பிள்ளை. ஆளைக் கண்டால் கண்ணாலேயே பேசும். ஆனால் மூன்று மாதமாகியும் தலை நிற்கவில்லை. கால்களை அசைக்காமல் தவளையைப் போல விரித்துப் போட்டபடியே கிடக்கும். அழும் சத்தமும் பூனைக்குட்டியின் சத்தம் போல மெலிந்து வந்தது. பால் குடிக்கும்போது களைத்துப் போகும். ஏழாம் மாதத்தில் சளி பிடித்து, வைத்தியசாலையில் நான்கு நாள் வைத்திருந்து, பிள்ளை மௌத்தானது. கார்டில் நியூமோனியா என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுத்துக்கொண்டோம்.

2015இல் இரண்டாவது பிள்ளை கிடைத்தது. அது பெண் குழந்தை. இரண்டு மாதத்திலேயே கால் இரண்டும் தளர்ந்திருப்பதைக் கண்டதும் உம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குள் போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் வாய்கள் திறந்தன. கண்ணூறு என்றார்கள். ஓதிப் பார்த்தோம், தண்ணீரும் ஓதிக் கொடுத்தோம். வயிற்றில் பிள்ளையிருக்கும்போது தங்கச்சி மஃரிப் நேரத்தில் வெளியே போனாளாம் என்றார்கள். அவளுடைய பாலில் குறை என்றார்கள். மாமியே ஒரு நாள், "என்ட மகனுக்கு ஒண்டுமில்ல. இன்னொரு கலியாணம் முடிச்சா தெரியும்" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் மச்சானைத் தவிர எல்லோரும் அவளை ஒரு குற்றவாளியைப் போலத்தான் பார்த்தார்கள்.

இந்தச் சமயத்தில் எமக்குக் கிடைத்த ஒரு பிள்ளை வைத்திய நிபுணர்தான் வழி காட்டினார். அவர் பிள்ளையின் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கால் துள்ளவில்லை. நாக்கைப் பார்த்தார், அதில் மெல்லிய நடுக்கம் இருந்தது. மூத்த பிள்ளையைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு கடிதம் எழுதித் தந்து, "இது சளியில் தொடங்கிய நோய் அல்ல. கொழும்பில் பரம்பரை நோய் வைத்தியரிடம் காட்டுங்கள். தாமதிக்க வேண்டாம்" என்றார். அப்படியொரு வைத்தியர் இருக்கிறார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். வீட்டு மூத்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது என்று சொல்லியிருந்ததால் மாமியும் வந்தார். நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை என்பதால் மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னுடையதானது.

அந்த வைத்தியர் முதல் அரை மணித்தியாலம் பிள்ளையைத் தொடவேயில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரையத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மௌத்தானவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நோயுற்ற பிள்ளைகளுக்குக் கறுப்பு மை. சொந்தத்துக்குள் முடித்தவர்களுக்கு இரட்டைக் கோடு. வாப்பும்மாவின் பிள்ளைகள் எத்தனை பேர், சிறுவயதில் மௌத்தானவர்கள் யார், கருச்சிதைவு யாருக்கு ஏற்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போது மாமி, தான் பிறப்பதற்கு முன்பு தன் உம்மாவுக்கு ஒரு பிள்ளை எட்டு மாதத்தில் கை கால் வாடி மௌத்தானதாகச் சொன்னார். வாப்பும்மாவும் அப்பாவும் கூட ஒன்றுக்குள் ஒன்றுதான். அங்கும் ஓர் இரட்டைக் கோடு விழுந்தது. "அந்தப் பிள்ளைக்கும் இதே நோயாக இருந்திருக்கலாம். ஆனால் இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை" என்றார் வைத்தியர்.

பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார். நெஞ்சின் வடிவம், மூச்சு எடுக்கும் விதம், விரல்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாய், தகப்பனையும் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். சில வாரங்களில் முடிவு வந்தது.

நோயின் பெயர் 'ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி'. முண்ணாணில் இருந்து தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் அழிந்துபோவதால் தசைகள் நலிந்துவிடுகின்றன. அறிவு குறைவதில்லை. அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் கண்கள் அப்படிப் பேசின. 1890களிலேயே வேர்ட்னிக், ஹொஃப்மன் என்ற இரு வைத்தியர்கள் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்குக் காரணமான பரம்பரையலகு 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஐந்தாம் இலக்க நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

வைத்தியர் விளக்கியதை எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன். எமது உடம்பில் இந்தப் பரம்பரையலகு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலை செய்வதால் அந்த ஆளுக்கு எந்த நோயும் வராது. இப்படி ஒரு பழுதான பிரதியோடு இருப்பவரைக் 'காவி' என்பார்கள். காவியான ஆணும் காவியான பெண்ணும் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்து நோய் வர இடமுண்டு.

நான் 'காவி' என்று மொழிபெயர்த்ததும் மாமி திடுக்கிட்டு, "என்ன மகள், நாங்க நுளம்பா?" என்று கேட்டார். டெங்கு நோட்டீசில் நுளம்பைத்தான் நோய்க்காவி என்று போடுகிறார்கள். பிறகு நான் 'சுமப்பவர்' என்று சொன்னேன். வைத்தியருக்கு அதைச் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டு, உலகத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் இந்த நோயைச் சுமப்பவர், சுமப்பது நோயுமல்ல, குற்றமுமல்ல என்றார்.

அதன் பின்பு அவர் படத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். வாப்பும்மா, அப்பாவிடமிருந்து ஒரு பக்கம் எங்கள் வாப்பாவுக்கு, அவரிடமிருந்து தங்கச்சிக்கு. மறுபக்கம் மாமிக்கு, மாமியிடமிருந்து மச்சானுக்கு. "பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இந்த நோய் வராது" என்றார். நான் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாமிக்குச் சொன்னேன். மாமி நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த பிறகு இரண்டாம் கலியாணப் பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை.

மச்சான்தான் அதையும் வெளிப்படையாகக் கேட்டார். வைத்தியர் மறைக்கவில்லை. வேறு குடும்பத்தில் முடித்தால் இருவருக்குமே ஆபத்து வெகுவாகக் குறையும், அந்தக் கணக்கு அவருக்கும் தங்கச்சிக்கும் ஒன்றுதான் என்றார். மச்சான் தலையை அசைத்தார். அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

பிள்ளை பத்து மாதம் இருந்து எங்களை விட்டுப் போனாள். அப்போது இந்த நோய்க்கு மருந்து இருக்கவில்லை. முதலாவது மருந்து 2016 டிசம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. முண்ணாணைச் சுற்றியுள்ள பாய்பொருளில் ஊசி மூலம் ஏற்றுவது அது. 2019இல் ஒரே தடவை ஏற்றும் பரம்பரையலகுச் சிகிச்சையும், 2020இல் வாயால் கொடுக்கும் மருந்தும் வந்தன. ஒரே தடவை ஏற்றும் அந்தச் சிகிச்சை வந்தபோது அதன் விலை இருபது இலட்சம் டொலருக்கும் மேல். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது எட்டாத தூரம். ஆனாலும் என்ன நோய் என்று தெரிந்ததனால் அந்தக் கடைசி மாதங்களை வேறு விதமாகக் கழித்தோம். வைத்தியசாலை வைத்தியசாலையாக அலையவில்லை. பிள்ளைக்குச் சளி இறுகாமல் எப்படிச் சரித்துக் கிடத்துவது, எப்படிப் பால் கொடுப்பது என்று படித்துக்கொண்டோம். தங்கச்சியின் மடியில்தான் அவள் அதிகம் இருந்தாள்.

இந்த வைத்தியருக்கு நோயாளி ஓர் ஆள் மட்டுமல்ல, முழுக் குடும்பமும்தான் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தம்பிக்கு மாமியின் இளைய மகளைப் பேசி வைத்திருந்தோம். இருவரும் சுமப்பவர்களாக இருக்க நான்கில் ஒரு பங்கு இடமுண்டு என்றும், விரும்பினால் சோதித்துப் பார்க்கலாம் என்றும் வைத்தியர் சொன்னார். வீட்டில் பெரிய சண்டை வந்தது. "அல்லாஹ் எழுதினதைச் சோதிச்சிப் பார்க்கவா?" என்றார் ஒருவர். வாப்பா, "மழை பெய்யும் என்று தெரிந்தால் கூரையைப் பார்க்க மாட்டோமா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் சோதித்தார்கள். இருவருமே சுமப்பவர்கள். முடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று வைத்தியர் அதை எங்களிடமே விட்டுவிட்டார். தம்பியும் மச்சியும் தனித்தனியே யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சில மாதங்கள் இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு இருந்தது. இன்று இருவரும் வெவ்வேறு இடங்களில் முடித்து நன்றாக இருக்கிறார்கள்.

தங்கச்சி 2019இல் மீண்டும் உண்டானாள். ஊரில் சிலர், "நாலில் ஒண்டு எண்டா ரெண்டு போயிட்டுதே, இனி வாறது நல்லதாத்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அது பிழையான கணக்கு. ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக நான்கில் ஒன்று. முன்னர் நடந்தது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. வைத்தியர் இதை மூன்று முறை சொல்லியிருந்தார். கருப்பையிலேயே, பதினொன்று முதல் பதின்மூன்று வாரத்துக்குள், நச்சுக்கொடியிலிருந்து சிறிது எடுத்துச் சோதிக்கும் முறை இருப்பதையும் விளக்கினார். அத்துடன், நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். 1990இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் சபை, குணப்படுத்த முடியாத கடும் குறைபாட்டை நம்பகமான வைத்தியர் குழு உறுதி செய்தால், 120 நாளுக்கு முன் பெற்றோர் விரும்பினால் இடமுண்டு என்று தீர்மானித்திருக்கிறது. மார்க்கத் தீர்ப்பு ஒன்று, நாட்டுச் சட்டம் வேறொன்று. இத்தகைய நிலையில் இருப்பவர்கள் வைத்தியரிடமும் ஆலிம்களிடமும் நேரில் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

தங்கச்சியும் மச்சானும் கருவைச் சோதிக்கவில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அனுப்பினோம். மூன்று வாரம் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. முடிவு வந்தது: நோய் இல்லை. நான்கில் மூன்று பங்கில் அந்தப் பிள்ளை விழுந்தது, அல்ஹம்துலில்லாஹ். அவள் சுமப்பவளா என்று பார்க்கட்டுமா என்று நான் கேட்டேன். "இப்போது வேண்டாம். அது அவளுடைய விடயம். பெரியவளாகி அவளே கேட்கட்டும்" என்றார் வைத்தியர். இப்போது அவள் பாடசாலைக்குப் போகிறாள்.

இனி, சகோதரிகளே, யார் இப்படியொரு வைத்தியரைத் தேட வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒரே விதமான நோயில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை கருச்சிதைவு ஏற்பட்டவர்கள். வளர்ச்சி பிந்திய பிள்ளைக்குக் காரணம் தெரியாதவர்கள். குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலர் இருப்பவர்கள். தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் தசை நலிவு கண்டவர்கள். இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு வந்த குடும்பத்தினர். தலசீமியா உள்ள குடும்பத்தில் கலியாணம் பேசுபவர்கள் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. ஈரானில் 1997 முதல் திருமணத்துக்கு முன் இந்தச் சோதனை கட்டாயமாக இருந்து வருகிறது.

சொந்தத்துக்குள் முடித்த எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் செய்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு ஏனையோரின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றாகவும், ஒன்றுவிட்ட சகோதர உறவில் முடித்தவர்களின் பிள்ளைகளில் ஆறாகவும் இருந்தது. இரட்டிப்புத்தான், ஆனால் நூறில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் அந்தக் குறை இல்லாமல்தான் பிறந்திருக்கின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருக்கும்போதுதான் விசாரிப்பது மிக அவசியமாகிறது.

எங்கே தேடுவது? நம் நாட்டில் இந்தத் துறையில் வைத்தியர்கள் மிகச் சிலரே. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் மனித மரபியல் பிரிவு தொடங்கப்பட்டது. முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். நேரே போவதை விட, உங்கள் பிள்ளை வைத்திய நிபுணரிடமோ பெண்நோயியல் நிபுணரிடமோ கடிதம் கேளுங்கள். அவர் தானாகச் சொல்லாவிட்டால், "பரம்பரை நோய் வைத்தியரிடம் காட்ட வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. ஆய்வுகூடத்தில் சோதனை செய்பவரும், பணம் வாங்கிக்கொண்டு உமிழ்நீர்ச் சோதனை செய்து தரும் கம்பனிகளும் இந்த வைத்தியர்கள் அல்ல. இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்று, இத்துறையில் விசேட பயிற்சி பெற்றவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது எல்லாக் கார்டுகளையும், ஸ்கேன் அறிக்கைகளையும், மருத்துவமாது கொடுத்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும், மௌத்தான பிள்ளையின் புகைப்படம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். போவதற்கு முன் வீட்டு மூத்தவர்களிடம் உட்கார்ந்து மூன்று தலைமுறை விபரத்தை எழுதிக்கொள்ளுங்கள். கருச்சிதைவு, சிறுவயது மரணம் எதையும் மறைக்க வேண்டாம். சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த, நீங்கள் நம்பும் ஒருவர் கூட இருக்கட்டும். நோயின் பெயரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தச் சோதனை, எவ்வளவு செலவு, எத்தனை நாள், அதில் தெரியாமல் போகக்கூடியது என்ன என்று கேளுங்கள். சில சமயம் எல்லாச் சோதனையும் செய்தும் பெயர் தெரியாமல் போகலாம். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை கடும் சுகவீனமாக இருந்தால், உயிரோடு இருக்கும்போதே அதன் இரத்தத்தில் சிறிது எடுத்துப் பாதுகாக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பது கல் மனதான வேலையாகத் தோன்றும். எங்கள் மூத்த பிள்ளையிடமிருந்து யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. அதனால் அவன் என்ன நோயில் போனான் என்று இரண்டாவது பிள்ளையும் நோயுறும் வரை எங்களுக்குத் தெரியாது. அன்று அது தெரிந்திருந்தால் தங்கச்சி அந்தப் பேச்சுகளைக் கேட்டிருக்க மாட்டாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெண் இருப்பாள். அவளுடைய பாலிலும் நடையிலும் குறை தேடுபவர்களின் காதில் இதைப் போடுங்கள். அவளிடம் போகும்போது ஆறுதலோடு சேர்த்து, கடிதம் கேட்க வேண்டிய வைத்தியரின் விபரத்தையும் கொண்டு போங்கள்.